இரண்டு நாடு, இரண்டு வலது கால்

ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களின் காலைப் பார்க்காதீர்கள். பார்த்தால் அந்தக் கம்பெனி ஷூவை வாங்க உங்களுக்கு மனசு வராது. காலை ரயிலிலிருந்து ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தை ஒரு நாள் நின்று கவனியுங்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு விதவிதமாக ஷூ தைத்து அனுப்புகிற அத்தனை பேரும் ரப்பர் செருப்பைத்தான் தேய்த்துக்கொண்டு போவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பெயர் கலா. வீடு ஜோலார்பேட்டையில், வேலை ஆம்பூரில், பதவி மெர்ச்சண்டைசர். (வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பதைத் தொழிற்சாலைக்கும், அது ஏன் முடியாது என்பதை வாடிக்கையாளருக்கும் மனம் நோகாமல் எடுத்துச் சொல்கிற வேலை. இரண்டு பக்கமும் திட்டு வாங்கலாம்.)

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளருக்கு சாம்பிள் அனுப்பும்போது ஜோடியாக அனுப்ப மாட்டோம். வலது கால் மட்டும்தான். வலதைப் பார்த்தால் இடது எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன? தோல் மிச்சம், பெட்டியில் இடம் மிச்சம், வழியில் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கவலையும் கிடையாது. இந்த ஏற்பாட்டின் அருமையை எங்கள் முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

அந்த சாம்பிள்களைப் போட்டுப் பார்க்கிற கால் என்னுடையது. பெண்கள் சாம்பிள் எந்த அளவில் தைப்பார்களோ அதே அளவு கடவுள் எனக்கும் கொடுத்திருந்தார். புது மாடல் வந்தால் "கலாவ கூப்பிடு" என்பார்கள். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை நீட்டுவேன். மாஸ்டர் மாட்டிவிட்டு, அமுக்கிப் பார்த்து, தலையாட்டுவார். என் இடது காலை இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கோபத்தை அது மனசில் வைத்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த வருஷம் முதலாளி பெண்களுக்கான பனி பூட்ஸ் தைக்கத் தனியாக ஒரு லைன் ஆரம்பித்திருந்தார். அதில் தைத்தவர்களில் பாதிப் பேர் என்னோடு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுகிறவர்கள். வெயிலில் தார் உருகுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே கம்பளி வைத்த பூட்ஸ் தைத்தார்கள். லைன் வந்துவிட்டது, பூட்ஸ் வந்துவிட்டது, ஆர்டர்தான் வரவில்லை. கடைசியாக ஆர்வம் காட்டியது பின்லாந்தில் ஒரு அம்மாள். பெயர் மார்யா. டோர்னியோ என்கிற ஊரில் ஆபீஸ். சாம்பிளை யாராவது நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

முதலாளிக்கு விசா சிக்கல். அதனால் நான்.

"கலாமா, அந்தம்மா ஜாஸ்தி பேச மாட்டாங்கோ. ஆனா டைம்னா டைம். போன வருஷம் ஒருத்தன் லேட்டா போயி, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்கோ," என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது வர்லன்னா பூட்ஸ் லைன நிறுத்தணும்மா. அந்தப் பொண்ணுங்கள வச்சிகினு நான் இன்னா பண்றது, சொல்லு. பேஜாரா இருக்குது."

அன்று சாயந்திர ரயிலில் அந்தப் பொண்ணுங்கள் எனக்கு ஜன்னல் சீட் கொடுத்தார்கள். அதுவரை அந்த சீட்டை யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வீட்டில் அப்பா வேறு ஒரு பொறுப்பைக் கொடுத்தார். அவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனின் போனில் மணிக்கணக்காக ஆராய்ச்சி செய்திருக்கிறார். "அங்க ரெண்டு நாட்டுக்கும் தண்டவாள அகலம் வேற வேற. ஒரே பாலத்து மேல ரெண்டு அகலமும் சேர்ந்து போவுதாம். ஒரு போட்டோ எட்து வா, போதும்," என்றார். அம்மா கேட்டது இன்னும் எளிது. சொந்தக்காரர்களுக்குக் காட்ட, பனியில் முழுசாக நிற்கிற மாதிரி ஒரு போட்டோ.

டோர்னியோ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பின்லாந்தின் ஓரத்தில் இருக்கிற பழைய ஊர். ஒட்டியே ஹாபராண்டா. அது ஸ்வீடன். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் ஸ்வீடன் ராஜா ஒருவருக்கே சொந்தம், டோர்னியோதான் பெரிய வியாபார ஊர். பிறகு ஒரு சண்டையில் தோற்று ரஷ்யாவுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தபோது, டோர்னியோ அந்தப் பாகத்தில் போய்விட்டது. ஸ்வீடன்காரர்களுக்கு மனசு ஆறவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பதிலுக்கு ஒரு ஊரைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி சண்டையில் வீட்டைப் பங்கு பிரித்து, நடுவே சுவர் வைத்து, அந்தப் பக்கம் போன கிணற்றுக்குப் பதிலாக இந்தப் பக்கம் போர் போடுவதை எங்கள் ஊரில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இப்போது சுவரும் இல்லை, சண்டையும் இல்லை. இரட்டை நகரம் என்று சேர்த்தே சொல்கிறார்கள். எல்லையில் போலீஸ்கூடக் கிடையாது. நம் பாலாற்றில் தண்ணீர் இல்லாததால் நடந்து கடக்கிறோம், அவர்கள் ஆற்றில் தண்ணீர் உறைந்திருப்பதால் நடந்து கடக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாகம் பிரித்தது பிரித்ததுதான். கடிகாரம். பின்லாந்தில் பத்து மணி என்றால் ஸ்வீடனில் ஒன்பது.

டிராவல்ஸ்காரர் எனக்கு அறை போட்டது ஸ்வீடன் பக்கம். "ஒரே ஊருதாங்க, நடந்து போய்டலாம்," என்றார். ஸ்டாக்ஹோமிலிருந்து இன்னொரு விமானம், அதிலிருந்து இறங்கி பஸ், இறங்கினால் முழங்கால் வரை பனி. மார்ச் மாதம். வேலூரில் மோர்ப்பந்தல் போட்டிருப்பார்கள்.

என் காலில் இருந்தது கேன்வாஸ் ஷூ. கிளம்புவதற்கு முந்தின நாள் வேலூர் பஜாரில் பேரம் பேசி வாங்கியது. பெட்டியில் பனி பூட்ஸ் சாம்பிள் நான்கு. நான்கும் வலது கால்.

தங்கிய இடம் ஒரு வீட்டின் மாடி. வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு அந்த ஊர் உடனே பிடித்துப்போனது. வீட்டுக்கார அம்மாள் என் கேன்வாஸைப் பார்த்தார். அது பனியில் ஊறி, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஆகியிருந்தது. மனசு இரங்கி ஒரு பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே சூடான காற்று வருகிற பீரோ. ஈரத் துணி, ஈர ஷூ எல்லாவற்றையும் அதில் வைத்து மூடினால் காலையில் காய்ந்திருக்குமாம். "சூட்டைக் குறைவாகவே வையுங்கள்," என்று விசையைக் காட்டிவிட்டுப் போனார். தான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகவும், காலையில் சீக்கிரம் போய்விடுவேன் என்றும் சொன்னார்.

ஷூவின் அடிப்பாகத்தை எப்படி ஒட்டுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். பசை தடவி, ஹீட்டரில் காட்டி, பசை இளகினதும் மெஷினில் வைத்து அமுக்குவார்கள். ஒட்டின ஷூவை மறுபடி அதிகச் சூட்டில் வைத்தால் பசை மறுபடி இளகும், சோல் கழன்று வரும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுப்பது நான்தான். போர்டில் படம்கூடப் போடுவேன்.

விசையை முழுசாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்த் தூங்கினேன். சீக்கிரம் காயட்டுமே என்று.

காலையில் பீரோவைத் திறந்தேன். ஷூவின் மேல்பாகம் ஒரு தட்டிலும், சோல் இரண்டும் அடுத்த தட்டிலும் இருந்தன. சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போன மாதிரி. சுத்தமாகக் காய்ந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

மணி பார்த்தேன். கட்டில் பக்கம் போனில் எட்டு மணி. ஜன்னல் பக்கம் போனால் ஒன்பது. (அந்தப் போன் கட்டிலில் ஸ்வீடன் டவரையும் ஜன்னலில் பின்லாந்து டவரையும் பிடித்தது. ஒரே அறைக்குள் ஒரு மணி நேரம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.) மார்யா வரச் சொன்னது பின்லாந்து பத்துக்கு. அதாவது ஸ்வீடன் ஒன்பதுக்கு. ஷூக் கடை எதுவும் ஸ்வீடனில் பத்துக்கு முன்னால் திறக்காது. பின்லாந்து கடை திறந்திருக்கலாம், ஆனால் அங்கே போகவே ஷூ வேண்டும். வீட்டுக்கார அம்மாளும் இல்லை. பீரோவில் இன்னொரு ஜோடி இருந்தது. லாரி ஓட்டுகிற யாரோ ஒருவருடையது, அதில் என் இரண்டு காலும் ஒன்றிலேயே போகும். கல்யாண மண்டபத்தில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு. வெளிநாட்டில் அது வேண்டாம் என்று பட்டது.

மார்யாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். பூட்ஸ் விற்க வந்தவள், போட்டுக்கொண்டு வர எனக்கு பூட்ஸ் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பெட்டியைத் திறந்தேன். நான்கில் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று உயரமான குதிகால் வைத்தது. மிச்சம் இரண்டும் கணுக்கால் வரை வருகிறவை, ஒரே உயரம். ஒன்று கறுப்பு, ஒன்று பிரவுன். கறுப்பை வலது காலில் போட்டேன், சொன்ன பேச்சு கேட்டுப் போனது. பிரவுனை இடது காலில் போட்டேன். வலது கால் பூட்ஸ் அது, இடது பக்கமாக வளைந்திருக்கும். என் இடது கால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தீபாவளிக்கு முதல் நாள் ஜோலார்பேட்டை பாஸஞ்சரில் இருப்பது மாதிரி உட்கார்ந்தன. நீளமான கோட்டை எவ்வளவு கீழே இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு வலது கால் போட்டு நடந்தால் ஒரு சங்கடம் உண்டு. இரண்டும் உங்களை இடது பக்கமே கூப்பிடும். நேராகப் போவதற்கு நான் உடம்பை வலது பக்கம் சாய்த்துக்கொண்டு நடந்தேன். எதிரே ஒரு பெரியவர் நாயோடு வந்தார். ஒதுங்கி வழி விட்டார். நாயும் ஒதுங்கியது. வரலாற்றுச் சிறப்புள்ள எல்லையை எப்போது கடந்தேன் என்றே தெரியாது. அங்கே மரத்தாலேயே கட்டின ஒரு பழைய சர்ச் இருக்கிறது, கட்டாயம் பார்க்க வேண்டியது என்று சொல்லியிருந்தார்கள். அதன் கோபுரம் மட்டும் தெரிந்தது. கீழே பார்த்து நடந்ததால் மீதி தெரியவில்லை.

மார்யாவின் ஆபீஸ் அவர் வீட்டோடு சேர்ந்தது, ஒரு முற்றத்தைத் தாண்டி இருந்தது. இரவு விழுந்த பனியில் யாரும் கால் வைத்திருக்கவில்லை. நான் வைத்தேன். சரியாகப் பத்துக்கு மணி அடித்தேன்.

உள்ளே நுழைந்ததும் இங்கேயும் ஷூவைக் கழற்ற வேண்டும். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டையும் கழற்றி, வாசல் ரேக்குக்குப் பின்னால், யாருடைய உயரமான பூட்ஸுக்கோ மறைவில் தள்ளிவிட்டு, சாக்ஸ் காலோடு உள்ளே போனேன். வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக நான் தப்பித்ததில்லை.

மார்யா ஐம்பது வயதுக்கு மேல் இருப்பார். வெள்ளை முடி, அசையாத முகம். காபி கொடுத்தார். நான் இரண்டு பூட்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். தோல், கம்பளி, தையல், எங்கள் ஊர், வெயில், பிரியாணி வரை போனேன். எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஆங்கிலம். அவர் பூட்ஸை வளைத்தார், முகர்ந்தார், கட்டை விரலால் அமுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. நம்மூரில் ஒருவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தால் ஆளைப் பிடித்து உலுக்குவார்கள்.

"நான்கு என்று சொல்லியிருந்தீர்கள்," என்றார் கடைசியில்.

"ஆமாம். மற்ற இரண்டும் வந்துகொண்டிருக்கின்றன."

"எப்படி?"

"கூரியரில்," என்றேன்.

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். காபியை ஒரு வாய் குடித்தார்.

"நடந்தே வந்துவிட்டன போலிருக்கிறது," என்றார்.

நானும் போய்ப் பார்த்தேன். கீழே முற்றம் முழுக்க வெள்ளையாக இருந்தது. குறுக்கே ஒரே ஒரு ஆள் நடந்து வந்த தடம். அத்தனையும் வலது கால். ஒரு பெண் ஸ்வீடனிலிருந்து நொண்டியடித்துக்கொண்டே பின்லாந்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள் என்று சத்தியம் பண்ணிச் சொல்லலாம். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். ஷூ வாங்கி விற்கிற பெண்மணி, நான் மணி அடிப்பதற்கு முன்பே கவனித்துவிட்டார். அப்புறமும் நான் பிரியாணியைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

அந்த நிமிஷம் எனக்கு நினைவு வந்தது ஜன்னல் சீட். இவ்வளவு தூரம் அனுப்பிவைத்தவர்களின் வேலையை, ஒரு பீரோவின் விசையைத் திருப்பிக் கெடுத்துவிட்டேனே என்று தோன்றியது. கேன்வாஸ், பசை, பீரோ, எல்லாவற்றையும் சொன்னேன். போர்டில் படம் போடுவதைக்கூடச் சொன்னேன். அதற்கு அவர் வாயின் ஒரு ஓரம் லேசாக அசைந்தது. பின்லாந்தில் அது விழுந்து விழுந்து சிரிப்பது என்று பிறகு ஒருவர் எனக்கு விளக்கினார்.

அவரே வாசலுக்குப் போய் ரேக்குக்குப் பின்னாலிருந்து இரண்டையும் எடுத்து வந்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். பிறகு, "சாக்ஸைக் கழற்றுங்கள்," என்றார்.

கழற்றினேன். மேஜையில் நான் போட்டு வந்த இரண்டு பூட்ஸ், அவற்றின் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் உரிய என் சாக்ஸ். ஆம்பூர் தோல் தொழிலின் மானம் அந்த மேஜையில் இப்படிப் போகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மார்யா முதலில் வலது சாக்ஸைப் பிழிந்தார். ஒன்றும் வரவில்லை. இடது சாக்ஸைப் பிழிந்தார். சொட்டியது.

"பிரவுனில் லேஸுக்கு அடியில் இருக்கிற நாக்குப் பக்கத்துத் தையல் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் போகிறது."

"அது வலது கால் பூட்ஸ். இடது காலில் போட்டதால் தையல் விலகியிருக்கும்," என்றேன். மெர்ச்சண்டைசர் உயிர் போகிறபோதும் தொழிற்சாலையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

"தண்ணீருக்கு அது தெரியாது," என்றார் மார்யா.

அப்புறம் நீண்ட நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமலிருப்பது பழகினால் அவ்வளவு கஷ்டமில்லை. முடிவில் அவர் கறுப்பு பூட்ஸை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது வேண்டும். இதற்கு ஆர்டர் அனுப்புகிறேன். மற்றவை வேண்டாம். இதுவரை எனக்கு சாம்பிள் காட்டியவர்கள் யாரும் தாங்களே போட்டுக்கொண்டு பனியில் நடந்து வந்ததில்லை," என்றார். கொஞ்சம் யோசித்து, "இனிமேல் இடது காலும் அனுப்புங்கள்," என்றார்.

லைன் நிற்காது. அதற்கு அந்த ஒன்று போதும். நான் வெறுங்காலோடு நின்று அழுதேன். மார்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஷூ வாங்கித் தர அவரே கூட்டிக்கொண்டு போனார். ஸ்வீடன் பக்கம்தான் நல்ல கடையாம். அதுவரைக்கும் அதே இரண்டைத்தான் மாட்டிக்கொண்டேன். (பதினொன்றுக்குக் கிளம்பி, பத்தேகாலுக்கே அங்கே இருந்தோம். அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள்.) வழியில் எல்லை வந்தது. இந்த முறை கவனித்தேன். வருகிறவர்கள் எல்லாரும் இந்த நாட்டில் ஒரு கால், அந்த நாட்டில் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். மார்யா என்னையும் நிற்க வைத்தார். பின்லாந்தில் கறுப்பு வலது கால், ஸ்வீடனில் பிரவுன் வலது கால். "முழுசாகத் தெரிகிறது," என்று சொல்லித் தன் போனில் எடுத்தார். எடுத்த கையோடு, பனியில் நடந்து சோதித்த விவரம் என்று குறிப்பு போட்டு எங்கள் முதலாளிக்கு அனுப்பிவைத்தார்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் அந்தப் படம் ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வரை போய்விட்டது. திங்கட்கிழமை ரயில் ஏறினபோது பூட்ஸ் லைன் பெண்கள் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து காலைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"லைனு ஓடும் இல்லக்கா?"

"ஓடும்."

"அப்ப சரி. ரெண்டும் வலதா போட்டா இன்னா, இடதா போட்டா இன்னா," என்றாள். பெட்டியே சிரித்தது. நானும்தான்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் சாம்பிள் ஜோடியாகத்தான் போகிறது. தோல் செலவு ஜாஸ்தியாகிவிட்டது என்று முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறார். வீட்டில் யாருக்காவது செருப்பு காணாமல் போனால், "கலா போட்டுகினு இருப்பா, ரெண்டு காலையும் பாரு," என்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அவ்ளோ தூரம் போயி ஒரு தண்டவாளத்த பாக்காம வந்துட்டாளே," என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் குறைப்படுகிறார்.

அம்மா கேட்ட போட்டோவுக்குத்தான் நல்ல காலம். "சொந்தக்காரங்க காலையா பாக்கணும், மானம் போவுது," என்று ஸ்டுடியோவில் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே வெட்டச் சொல்லி பிரேம் போட்டு மாட்டிவிட்டார். எல்லைக் கோடு காலடியில்தான் இருந்தது. காலை வெட்டியதில் பின்லாந்தும் போய்விட்டது, ஸ்வீடனும் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் "குலு மணாலியா?" என்று கேட்கிறார்கள். அம்மா "பாரினு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

முதலாளி வேறு மாதிரி செய்தார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று, முழங்காலுக்குக் கீழே மட்டும் பெரிதுபடுத்தி சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஆக, நான் பாதி ஜோலார்பேட்டையில் இருக்கிறேன், மீதி ஆம்பூரில் இருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே தினம் காலை ரயிலில் போய், சாயந்திர ரயிலில் வருகிறேன். காலில் ரப்பர் செருப்புதான். ஒன்று வலது, ஒன்று இடது, ஏறும்போது ஒரு முறை குனிந்து பார்த்துக்கொள்வேன்.